வியாழன், நாலிலிருந்து ஆறு

அவருக்குப் போட்டு அனுப்ப வேண்டிய சட்டை அழுக்குக் கூடையின் அடியில் கிடந்தது. அவள் கூடையைக் குளியலறைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். காக்கிக் கால்சட்டை இரண்டு, பனியன் மூன்று, அவளுடைய ஆலைச் சீருடை, துண்டுகள், தலையணை உறைகள். கை எடுக்க, வாய் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு வந்தது. பதினேழாவதாக அந்த வெளிர்நீலச் சட்டை வந்தது, பாக்கெட்டில் பேனா மசிக் கறையோடு.

மணி ஆறே முக்கால். உடைகளை ஒன்பதுக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று தகன மண்டபத்தில் சொல்லியிருந்தார்கள். பதினோரு மணியிலிருந்து அரை மணி நேரம் இவர்களுக்கு. வியாழக்கிழமை அந்த வீட்டில் துவைக்கிற நாள். அதனால் வியாழன் காலையில் அவருடைய உருப்படியான சட்டை எல்லாமே அழுக்காகத்தான் இருக்கும். ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை ஒரு மனுஷன் போய்ச் சேர்ந்தால் வியாழக்கிழமைக்குச் சட்டை இருக்காதே என்று யார் யோசித்தார்கள்?

மருமகள் வாசலில் வந்து நின்றாள். கையில் உறை பிரிக்காத புதுச்சட்டை இருந்தது.

"அத்தை, நேத்தே இவர் வாங்கி வச்சுட்டார். வெள்ளை. மாமா அளவுதான்."

"புதுச்சட்டையைத் துவைக்காம அவர் போட மாட்டாரும்மா. கழுத்து அரிக்கும்பார்."

சொன்ன பிறகுதான் அதன் அபத்தம் அவளுக்கே உறைத்தது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை. மருமகள் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு புதுச்சட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து கையை மடித்துவிட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணிடம் அது ஒரு நல்ல குணம். வேலை இருக்கிற இடத்தில் வாதம் பண்ண மாட்டாள். இரண்டு பேருமாகச் சட்டையை வாஷ்பேசினில் சோப்புப் போட்டுக் கசக்கி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தலைமுடி காயவைக்கிற மெஷினை ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தார்கள். மசிக் கறை போகவில்லை. அது போகாது என்று அவளுக்குத் தெரியும். ஆறு மாதமாக அவளும் அதோடு மல்லுக்கட்டியவள்தான்.

இருபத்திரண்டு வருஷம் தபால்காரராக இருந்துவிட்டு, மகன் கூப்பிட்டான் என்று ஐம்பத்திரண்டாவது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர் அவர். வந்த மூன்றாவது வருஷம் மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. காரில் போனால் ஆறு மணி நேரம். அதற்குள் இவருக்கு பஸ் டிப்போவில் பஸ் கழுவும் வேலையும், அவளுக்கு பிஸ்கட் ஆலையில் பெட்டி அடுக்கும் வேலையும் அமைந்திருந்தன. நீ போ, நாங்கள் இருக்கிறோம் என்று இரண்டு பேரும் இந்த மூன்றாம் மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். திங்கட்கிழமையும் காலை ஷிப்ட் முடித்து வந்தார். ஷூவைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்கு ஒரு பஸ்ஸுக்குள் ஒற்றைச் செருப்பு கிடந்தது, ஒற்றைச் செருப்போடு எப்படித்தான் இறங்கிப் போனானோ என்றார். அவள் சிரித்துக்கொண்டே காபியை ஆற்றித் திரும்பியபோது அவர் தலை சுவரில் சாய்ந்திருந்தது. செருப்பை நினைத்துச் சிரித்த சிரிப்பு முகத்தில் பாதி இருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள், வலி தெரிந்திருக்காது என்று இரண்டு முறை சொன்னார்கள். அவளுக்கு அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ஈரம் போகாத காலரை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து கொழுந்தன் வீடியோவில் வந்தார். மகன் போனை இஸ்திரிப் பலகையின் ஓரத்தில் சாய்த்து வைத்தான். அண்ணன் முகத்தைப் பார்க்கக்கூட வர முடியவில்லையே என்று அவர் மூன்று நாளாக அழுது, இப்போது காரியத்துக்கு வந்திருந்தார். அண்ணி இங்கே வந்துவிடட்டும், மேல் அறைக்கு பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டேன் என்றார். இல்லை சித்தப்பா, அம்மா எங்களோடுதான் இருப்பார்கள், பாப்பா அறையில் இன்னொரு கட்டில் போட்டாயிற்று என்றான் மகன். அது எப்படி, சொந்த பந்தம் எல்லாம் இங்கே இருக்கும்போது என்றார் அவர். மகன் இருக்கும்போது அம்மா ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றான் இவன். இரண்டு பேருக்கும் நல்ல மனசு. கடைசியில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று முடிவு பண்ணினார்கள். நடுவில் நின்று அவள் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள்.

போனை எடுத்துக்கொண்டு மகன் ஒரு தாளை மேஜையில் வைத்தான். வீட்டைக் காலி செய்கிறோம் என்று குடியிருப்பு ஆபீசுக்கு எழுதிய கடிதம். ராத்திரியே டைப் பண்ணியிருந்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தான்.

"அஞ்சு மணிக்குள்ள குடுத்துடணும்மா. இன்னிக்கு விட்டா ஒரு மாசம் தள்ளிப் போயிடும். எனக்கு ஞாயிறு வரைக்கும்தான் லீவு. அதுக்குள்ள எல்லாத்தையும் பேக் பண்ணிட்டா நிம்மதி."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

அவளுக்குப் போக விருப்பம் இல்லை. அதுதான் உண்மை. திங்கட்கிழமையிலிருந்து அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே எடுக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டுச் சாவி அப்பாவிடம் இருந்தது. புகுந்த வீட்டுச் சாவி மாமியார் இடுப்பில் இருந்தது. மகன் வீட்டில் இருந்த மூன்று வருஷமும், யாராவது வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வெளியே போய் வந்தாள். தனக்கென்று ஒரு சாவி இந்த மூன்றாம் மாடியில்தான் கிடைத்தது. ஆலையில் ஆறாவது பெல்ட்டில் அவள் ஒரு நாள் இல்லாவிட்டால் பெட்டி சரிந்து கிடக்கும் என்று மேற்பார்வைக்காரரே சொல்வார். வந்த புதிதில் மற்றவர்களின் சைகையைப் பார்த்துச் சிரித்துவைத்தவள், இப்போது அவர்களோடு சம்பள உயர்வுக்குச் சண்டை போடும் அளவுக்கு இந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துவிட்டாள். அவர் ஒன்பது வருஷத்தில் வணக்கம், நன்றி, பஸ், ஈரம் என்ற நான்கு சொல்லோடு நின்றுவிட்டார்.

ஆனால் கட்டினவர் போய் மூன்று நாள்கூட ஆகவில்லை, நமக்குச் சாவி நினைப்பா என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. அதோடு பயம் வேறு. மகன் கையில் ஒரு கட்டிலை வைத்துக்கொண்டு நிற்கிறான். வேண்டாம் என்றால் அவன் முகம் என்ன ஆகும்?

தகன மண்டபம் ஊர் ஓரத்தில் இருந்தது. வெள்ளைச் சுவர், நாற்பது நாற்காலி, முன்னால் பெட்டி. டிப்போவிலிருந்து நான்கு பேர் வேலைச் சட்டையோடு வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆலையிலிருந்து மூன்று பெண்கள். மகன் கடைசியில் அந்தப் புது வெள்ளைச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வந்திருந்தான். அளவு அவனுக்கும் சரியாக இருந்தது. அவன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை இரண்டு பாஷையிலும் வாசித்தான். குரல் தடுக்கிய இடத்தில் மருமகள் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றாள்.

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை நன்றாகத்தான் இருந்தது. காலர் மட்டும் சரியாகக் காயவில்லையே, சளி பிடித்துக்கொள்ளுமே என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. மூன்று நாளும் வராதது, ஒரு ஈரக் காலருக்காக வந்தது.

பாதியில் கதவு திறந்து கீழ்வீட்டு நர்ஸ் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். ஒன்பதாம் எண் வீட்டில் தனியாக இருப்பவள், ஓய்வு பெற்றவள், எழுபதைத் தாண்டியவள். தட்டுத் தடுமாறிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரே கட்டடத்தில் இருப்பவள், கூட வாருங்கள் என்று மகன் காலையில் கூப்பிட்டதற்கு, இல்லை, எனக்கு ஒரு வேலை இருக்கிறது, பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். இரங்கலுக்கு வருவதைவிட என்ன பெரிய வேலை என்று அவன் முகம் அப்போதே சுருங்கியது. இப்போது தாமதமாக வேறு வந்தாளா, இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

முடிந்து வெளியே வந்தபோது நர்ஸ் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அப்பா தூனி மிகவும் நேர்மையானவர், எண்ணிக்கையில் ஒன்று குறையாதவர் என்றாள். டிப்போவிலிருந்து வந்தவர்களில் ஒருத்தரும், ஆமாம், தூனி நல்ல மனிதர் என்றார். மகன் தலையாட்டினான். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு கேட்டான்.

"அம்மா, அப்பாவை எதுக்கு எல்லாரும் துணி துணின்னு சொல்றாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு சிரித்தாள். மருமகள் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

அது அவர்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் வாரம் நடந்தது. கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் துவைக்கும் அறை. இரண்டு மெஷின், ஒரு உலர்த்தி. சுவரில் மாத அட்டவணை ஒன்றை ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காவலாளி கட்டத்தைக் காட்டி, இதில் எழுதுங்கள் என்று சைகை செய்துவிட்டுப் போய்விட்டார். ஃபாரம் என்று ஒன்றைக் கண்டால் தபால்காரருக்கு ஒரு பயபக்தி உண்டு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் எழுதியதை ஆராய்ந்தார். ஒரு கட்டத்தில் பன்னிரண்டு என்று இருந்தது, ஒன்றில் ஏழு, ஒன்றில் முப்பத்தொன்று. "எத்தனை உருப்படி துவைக்கப் போறோம்னு எழுதணும் போலிருக்கு. மெஷின் தாங்கணும்ல. முப்பத்தொண்ணாம், பெரிய குடும்பம்" என்றார். அவை வீட்டு எண்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. கூடையைக் கீழே வைத்து எண்ணினார். ஒன்பது இருந்தது. எதில் ஒன்பது என்று நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, வியாழன் நாலிலிருந்து ஆறு வரை உள்ள கட்டத்தில், குண்டு குண்டாக, துணி 9 என்று எழுதினார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒன்பதாம் எண் வீட்டுக்காரி கூடையோடு வந்துவிட்டாள். தன் வீட்டுக்கு யாரோ எழுதி வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷம். அவள் அட்டவணையில் ஒன்பதைத் தொட்டுக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். இவர் ஒன்பதைத் தொட்டுக் காட்டித் தன் கூடையைத் தொட்டார். பேச்சு நகரவில்லை. நம்மைப் பொய்யன் என்று நினைக்கிறாளே என்று இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் முகத்துக்கு நேராக உதறி, ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணிக் காட்ட ஆரம்பித்தார். ஆறாவது பாவாடை. எட்டாவதும் ஒன்பதாவதும் அவருடைய உள்ளாடைகள்தான். அவற்றையும் விடவில்லை. நர்ஸ் சிரித்த சிரிப்பில் மெஷின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவர்கள் இருவரையும் வெளியே கூட்டிப்போய்க் கதவுகளில் இருந்த எண்ணைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவர் ஒன்பதை விட்டுவிட்டார். ஆனால் எழுதிய சொல்லை விட மனம் வரவில்லை. பதினாலு என்று வீட்டு எண்ணைப் போடலாமே என்றால், "எல்லாரும்தான் நம்பர் போடறாங்க. நம்மளுது பார்த்த உடனே தெரியுதுல்ல" என்பார். கட்டடத்தில் எல்லோரும் அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். எப்படி வாசிப்பது என்று நர்ஸ் ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொண்டு ஊருக்கே சொல்லிவிட்டாள். டிப்போவரைக்கும் போய்விட்டது. அவர் திருத்தவே இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதானே என்றுவிட்டார்.

இதை அவள் சொல்லி முடித்தபோது மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். மகனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வந்தவன் ஒரு சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பின்னால் வந்த கார்கள் பொறுமையாக நின்றன.

"எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதும்மா" என்றான்.

அவன் அதை எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று அவளுக்குப் புரிந்தது. இவர்களைக் கூட்டிவந்துவிட்டுத் தான் வேறு ஊர் போய்விட்டோம் என்ற குறுகுறுப்பு அவனுக்கு ஆறு வருஷமாக உண்டு. அந்தக் கட்டிலும் கடிதமும் அதிலிருந்துதான் வந்தன. பாவம், பிள்ளை மனசு லேசாகட்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று அவள் அந்தச் சிக்னலில்தான் முடிவு செய்தாள். போனால் என்ன, பேத்தியோடு ஒரே அறையில் படுத்துக் கதை பேசலாம். அதுவும் சந்தோஷம்தான்.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இன்றைக்கு மாதத்தின் கடைசி வியாழன். காலை பத்து மணிக்குக் காவலாளி அடுத்த மாத அட்டவணையை ஒட்டியிருப்பார். சாயங்கால நேரம் எல்லாம் மதியத்துக்குள் பறந்துவிடும். அதற்காகவே அவர் கடைசி வியாழனில் மட்டும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, பத்து மணிக்குக் கீழே போய் நின்று எழுதிவிட்டு வருவார். இந்தத் தடவை எழுத ஆள் இல்லை. இனி அது வேண்டியதும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு அவள் கூடையை எடுத்தாள். மருமகள் படுத்திருந்தாள். மகன் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். குளித்துவிட்டு வேறு உடைக்கு மாறியிருந்தான். வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில் கிடந்தது. அதையும் கூடையில் போட்டுக்கொண்டாள். கடிதத்தை மடித்து, பேனாவோடு இடுப்பில் செருகிக்கொண்டாள். மெஷின் ஓடுகிற நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகக் கையெழுத்துப் போடலாம். அந்த ஊர் எழுத்தில் கையெழுத்துப் போட அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

துவைக்கும் அறையில் வழக்கமான சோப்பு வாசனையும் சூடும் இருந்தன. துணிகளை மெஷினில் போட்டாள். காக்கி, பனியன், சீருடை. அவருடைய துணி இதோடு அழுக்காவது நின்றது என்று தோன்றியபோது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

பழைய அட்டவணை இடது பக்கம் அப்படியே இருந்தது. அதில் நான்கு வியாழனிலும் அவர் எழுத்து. வலது பக்கம் புது அட்டவணை. எதிர்பார்த்தபடியே கட்டங்கள் நிரம்பிவிட்டிருந்தன. ஏழு, பன்னிரண்டு, முப்பத்தொன்று. வியாழன், நாலிலிருந்து ஆறு என்ற வரிசையில் மட்டும் எண் இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

நான்கு கட்டத்திலும் யாரோ அதே சொல்லை எழுதியிருந்தார்கள். எழுதவில்லை, வரைந்திருந்தார்கள். துவின் கொக்கி வேறு பக்கம் வளைந்திருந்தது. ணிக்கு ஐந்து சுழி போட்டு, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொம்பை மேலே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் இரண்டு முறை அழித்துப் போட்ட தடம் இருந்தது. மூன்றாவதில் கொஞ்சம் கை வந்திருந்தது. நான்காவதில் பழையபடி சறுக்கியிருந்தது. அதற்குக் கீழ்க் கட்டத்தில், ஆறிலிருந்து எட்டு வரை, வழக்கம்போல ஒரே இழுப்பில் ஒன்பது.

பத்து மணிக்கு இங்கே நின்று, பழைய தாளைப் பார்த்துப் பார்த்து இதை வரைந்துவிட்டு, இரண்டு பஸ் மாறி ஓடி வந்திருக்கிறாள் அந்த நர்ஸ். எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அவள் சொன்னது இதுதான்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடிதத்தை இடுப்பிலிருந்து எடுத்து மெஷின்மேல் வைத்தாள். அது மெஷினோடு சேர்ந்து மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. பேனாவைத் திறக்கவில்லை.

துவைத்த துணிகளை அவள் உலர்த்திக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது மகன் படி இறங்கி வந்தான். நாலே முக்கால்.

"கையெழுத்து போட்டுட்டியாம்மா? நான் ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"நான் வரலைடா" என்றாள் அவள்.

அவனுக்கு உடனே புரியவில்லை. ஆபீசுக்கு நீ வர வேண்டாம், நானே கொடுத்துக்கொள்கிறேன் என்றான். அவள் உலர்த்தியின் கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுக்கு வரலை. சித்தப்பா வீட்டுக்கும் போகலை. இங்கயே இருக்கேன். லீவுக்கு வரேன், பாப்பாகூட படுத்துக்கறேன். நீயும் வா. ஆனா வீட்டைக் காலி பண்ண வேணாம்."

"தனியா எப்படிம்மா இருப்பே? நீ இங்க தனியா இருந்தா அங்க எனக்குத் தூக்கம் வருமா?"

"உனக்குத் தூக்கம் வரணும்னு நான் வீட்டைக் காலி பண்ணணுமா?"

கடுமையாகச் சொல்ல நினைக்கவில்லை. சொன்ன குரலில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. அவன் முகம் வாடியது. அவள் பயந்துகொண்டிருந்த முகம்தான் அது. ஆனால் நேரில் பார்த்தபோது அவ்வளவு பயமாக இல்லை. சின்ன வயதில் புது ஸ்கூலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் வைத்துக்கொண்டிருந்த முகம். அன்றைக்கும் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

அவன் பார்வை சுவருக்குப் போனது. கிட்டே போய்க் குனிந்தான். இடது தாளைப் பார்த்தான், வலது தாளைப் பார்த்தான்.

"இது அப்பா எழுத்து இல்லையே."

"ணிக்கு எத்தனை சுழி இருக்கு, எண்ணிப் பாரு."

அவன் விரல் வைத்து எண்ணினான். பிறகு கீழே இருந்த ஒன்பதைப் பார்த்தான். காலையில் தான் முகம் சுளித்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது சிவந்திருந்தது. மெஷின்மேல் இருந்த கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான், சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கொடுக்கப் போகவில்லை. வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் உலர்த்தியின் கண்ணாடிக் கதவுக்குள் துணிகள் விழுவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, அதைப் பார் என்றாள் அவள்.

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது உலர்த்தி நின்றது. அவள் சூட்டோடு ஒவ்வொன்றாக எடுத்து உதறி மகன் கையில் கொடுத்தாள். அவன் மடித்துக் கூடையில் வைத்தான். அவள் வாய் எண்ணிக்கொண்டே வந்தது. பனியன் மூன்று, காக்கி இரண்டு, சீருடை, துண்டு. பதினாறோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். கடைசியாகக் கையை உள்ளே விட்டபோது டிரம்மின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு மகனுடைய வெள்ளைச் சட்டை இருந்தது.

"பதினேழு" என்றாள்.

கதவருகில் நர்ஸ் தன் கூடையோடு வந்து நின்றிருந்தாள். மகன் எழுந்துபோய் அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டான்.